பாதி வழி 92-இல்

அக்கா மகன் விடுமுறைக்கு வந்திருந்தான். பொறியியல் இரண்டாம் ஆண்டு. மதியச் சாப்பாடு முடிந்து திண்ணையில் சாய்ந்து உட்கார்ந்தவன், திடீரென்று போனைத் தூக்கிக் காட்டினான். திரையில் குட்டி மனிதன் ஒருவன் கோடரியோடு மரத்தடியில் நிற்கிறான். தலைக்கு மேல் வாணவேடிக்கை.

"மாமா, 92 வந்துருச்சு!"

"மொத்தம் எத்தனைடா?"

"99."

"அப்ப இன்னும் ஏழுதானே. ரெண்டு நாள்ல முடிச்சிருவ."

"இல்ல மாமா. இப்பதான் பாதி வந்திருக்கேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன். அவன் கணக்கைப் போட்டுக் காட்டினான். 99-ஆம் நிலைக்கு வேண்டியது 1,30,34,431 புள்ளி. 92-ஆம் நிலைக்கு வேண்டியது 65,17,253. சரிபாதிக்கு மேல் வெறும் 38 புள்ளிதான் கூடுதல். முதல் 91 படிகளுக்கு ஆன அதே உழைப்பு, கடைசி ஏழு படிகளுக்கும் ஆகும். இது ஏன் இப்படி என்று தெரிந்துகொள்ளப் போய், திட்டமிடும் கலையின் மிக அழகான கணக்குகள் சிலவற்றில் வந்து நின்றேன்.

இந்த விளையாட்டின் பெயர் ரூன்ஸ்கேப். இங்கிலாந்தில் ஆண்ட்ரூ கவர் தம் சகோதரர்களோடு சேர்ந்து உருவாக்கி 2001 ஜனவரியில் வெளியிட்டது. அக்கா மகன் ஆடுவது அதன் பழைய வடிவம். 2007 ஆகஸ்டில் எடுத்துவைத்திருந்த பிரதியிலிருந்து 2013-இல் மீண்டும் திறக்கப்பட்ட 'ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்'. மரம் வெட்டுதல், மீன் பிடித்தல், சமையல், வாள்வீச்சு என்று இருபதுக்கும் மேற்பட்ட திறன்கள் இதில் உண்டு. வேலை செய்யச் செய்ய அனுபவப் புள்ளிகள் சேரும். ஆடுபவர்கள் 'எக்ஸ்பி' என்பார்கள். புள்ளி சேர்ந்தால் நிலை உயரும், அதாவது 'லெவல்' ஏறும். ஒவ்வொரு திறனிலும் உச்சம் 99.

நிலைக்கு எத்தனை புள்ளி என்ற அட்டவணையில் ஏழு ஏழு படியாகத் தாண்டிப் பாருங்கள். 71-ஆம் நிலைக்கு 8,14,445. 78-க்கு 16,29,200. 85-க்கு 32,58,594. 92-க்கு 65,17,253. 99-க்கு 1,30,34,431. ஒவ்வொன்றும் முந்தையதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. கூட்டு வட்டி தெரிந்தவர்களுக்கு இந்த 'ஏழு' பழக்கமான எண்ணாக இருக்கும். பத்து சதவீதக் கூட்டு வட்டிக்குப் போட்ட பணம் ஏறக்குறைய ஏழு ஆண்டில் இரட்டிக்கும். இங்கேயும் அதே கதைதான். ஒவ்வொரு நிலையும் முந்தைய நிலையைவிடச் சுமார் பத்து சதவீதம் கூடுதலாகக் கேட்கிறது. இப்படி, இருப்பதன் விகிதத்திலேயே கூடிக்கொண்டு போவதை அடுக்குமுறை வளர்ச்சி என்கிறோம்.

நம் மனம் இதை ஒரு நாளும் சரியாக உணர்வதில்லை. 99-இல் பாதி என்றால் 49, 50 என்றுதான் தோன்றும். 50-ஆம் நிலைக்கு வேண்டியது 1,01,333 புள்ளி. அது மொத்தத்தில் ஒரு சதவீதம்கூட இல்லை. 98-இலிருந்து 99-க்குப் போகும் ஒற்றைப் படிக்கு 12,28,825 புள்ளி வேண்டும். முதல் ஐம்பது நிலைகளைப்போலப் பன்னிரண்டு மடங்கு.

இதை மட்டும் பார்த்தால் யாரும் ஆடவே மாட்டார்கள். ஆனால் நிலை உயர உயர, சம்பாதிக்கும் வேகமும் உயர்கிறது. மரம் வெட்டுவதையே எடுத்துக்கொள்வோம். தொடக்கத்தில் சாதாரண மரம்தான் வெட்டலாம். ஒரு கட்டைக்கு 25 புள்ளி. 15-ஆம் நிலையில் ஓக், 37.5 புள்ளி. 30-இல் வில்லோ, 67.5. 60-இல் யூ, 175. 90-இல் ரெட்வுட், 380. கோடரியும் வெண்கலத்திலிருந்து இரும்பு, எஃகு என்று மாறி மேலே போகும். கடன் வட்டியோடு வளர்கிறது, சம்பளமும் வளர்கிறது. எது எதை முந்தும் என்பதில்தான் மொத்தத் திட்டமும் இருக்கிறது.

புதிதாக ஆடுபவர் செய்யும் முதல் தவறு இங்கேதான். யூ மரத்துக்கு 175, வில்லோவுக்கு 67.5. ஆகவே 60-ஆம் நிலை வந்ததும் யூவுக்கு ஓடுவது. ஆனால் அந்த எண்கள் ஒரு கட்டைக்கானவை. மணிக்கு எவ்வளவு என்பது வேறு கேள்வி. யூ கடினமான மரம், கட்டை விழ நேரமாகும்.

இதைப் புரிந்துகொள்ள விளையாட்டின் உள்ளே கொஞ்சம் இறங்க வேண்டும். ரூன்ஸ்கேப்பின் உலகம் தொடர்ச்சியாக ஓடுவதில்லை. 0.6 விநாடிக்கு ஒரு முறை துடிக்கிறது. ஆடுபவர்கள் இதை 'டிக்' என்பார்கள், நாம் துடிப்பு என்போம். கோடரியோடு மரத்தடியில் நிற்பவனுக்கு நான்கு துடிப்புக்கு ஒரு முறை, அதாவது 2.4 விநாடிக்கு ஒரு முறை, கணினி ஒரு தாயக்கட்டையை உருட்டுகிறது. விழுந்தால் கட்டை, இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. கோடரி ஓங்கி இறங்குவதெல்லாம் நம் கண்ணுக்கான காட்சி. உண்மையில் நடப்பது மணிக்கு 1,500 உருட்டல்கள்.

உதாரணத்துக்கு, உங்கள் நிலைக்கும் கோடரிக்கும் வில்லோ மூன்றில் ஒரு முறை விழுகிறது, யூ பத்தில் ஒரு முறை விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். வில்லோவில் மணிக்கு 500 கட்டை, 33,750 புள்ளி. யூவில் 150 கட்டை, 26,250 புள்ளி. கட்டைக்குக் கட்டை பார்த்தவருக்கு யூ லாபம், மணிக்கு மணி பார்த்தவருக்கு வில்லோ லாபம். புள்ளி மட்டுமே குறி என்று ஆடுபவர்கள் 60-ஐத் தாண்டியும் யூவைத் தொடாமல் போவதற்கு இதுதான் காரணம்.

அந்த மூன்றில் ஒன்று, பத்தில் ஒன்று என்பதெல்லாம் திரையில் எழுதியிருக்காது. எண்ணித்தான் பார்க்க வேண்டும். எவ்வளவு நேரம் எண்ணினால் போதும்? இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் மருந்து ஆய்விலிருந்து தேர்தல் கணிப்பு வரை எல்லோரும் கேட்பது இதைத்தான். அக்கா மகன் முதல் நாள் ஒரு நிமிடத்துச் சொச்சம் எண்ணிவிட்டு முடிவுக்கு வந்தான். 72 விநாடியில் 30 உருட்டல். மூன்றில் ஒன்று என்றால் பத்துக் கட்டை விழ வேண்டும். ஆனால் தாயம் தாயம்தான். ஏழும் விழலாம், பதின்மூன்றும் விழலாம். வழக்கமான ஏற்ற இறக்கமே இரண்டு மூன்று கட்டை. பத்துக்கு இரண்டரை என்றால் கால்பங்கு பிழை. இந்த அளவீட்டை வைத்துக்கொண்டு வில்லோவா யூவா என்று தீர்மானிப்பது, ஒரு சோற்றைக்கூட முழுதாக நசுக்காமல் சாதம் வெந்துவிட்டது என்று சொல்வதைப் போன்றது.

முழு ஒரு மணி நேரம் எண்ணினால் 1,500 உருட்டல். 500 கட்டையைச் சுற்றி ஏற்ற இறக்கம் பதினெட்டு அளவில்தான் இருக்கும். பிழை நான்கு சதவீதத்துக்கும் கீழே வந்துவிடுகிறது. ஐம்பது மடங்கு எண்ணினால் பிழை ஏழில் ஒரு பங்காகக் குறைகிறது. ஐம்பதின் வர்க்கமூலம் ஏறக்குறைய ஏழு. துல்லியத்தை இரட்டிக்க வேண்டுமானால் உழைப்பை நான்கு மடங்காக்க வேண்டும் என்ற இந்த விதிக்குப் புள்ளியியலில் தப்பிக்க வழியே கிடையாது. இன்று 'ரூன்லைட்' என்ற திறமூலச் செயலி மணிக்கு எத்தனை புள்ளி என்று தானே கணக்கிட்டுக் காட்டுகிறது. ஆயிரக்கணக்கான பேர் மணிக்கணக்கில் ஆடி, எண்ணி, பதிந்து வைத்ததால்தான் எந்த மரம் எந்த நிலையில் எவ்வளவு தரும் என்ற அட்டவணைகள் இவ்வளவு உறுதியாக நிற்கின்றன.

வெட்டிய கட்டையை என்ன செய்வது என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. முதுகுப் பையில் 28 இடம். மணிக்கு 500 கட்டை என்றால் மூன்றரை நிமிடத்துக்குள் பை நிறைந்துவிடும். அதை வங்கியில் போட்டுவிட்டுத் திரும்ப 40 விநாடி ஆகிறது என்று வையுங்கள். நேரத்தில் ஆறில் ஒரு பங்கு நடையிலேயே போய்விட்டது, மணிக்குப் பத்து நிமிடம். அதனால் தேர்ந்தவர்கள் கட்டையை அங்கேயே தரையில் போட்டுவிட்டு வெட்டிக்கொண்டே இருப்பார்கள். முதன்முதலில் இதைப் பார்த்தபோது எனக்கு மனது கேட்கவில்லை. பாடுபட்டு வெட்டியதை எறிவதா? ஆனால் அந்தக் கட்டையை விற்றுக் கிடைக்கும் காசு, அந்தப் பத்து நிமிடத்தில் வேறு வழியில் சம்பாதிக்கக்கூடிய காசைவிடக் குறைவென்றால், எறிவதுதான் சரி. ஒன்றைத் தேர்ந்தெடுப்பதால் கைவிட்டுப் போகும் அடுத்த நல்ல வாய்ப்பின் மதிப்பைப் பொருளியலில் வாய்ப்புச் செலவு என்பார்கள். கட்டையின் விலை பையில் தெரிகிறது, நிமிடத்தின் விலை எங்கும் தெரிவதில்லை. அதனால்தான் அதை மறந்துவிடுகிறோம்.

இப்போது கதையின் நடுப்பகுதிக்கு வருகிறேன். இந்த விளையாட்டில் மரம் வெட்டுவது, சண்டை போடுவது தவிர, 'குவெஸ்ட்' என்று கதைப்பணிகள் உண்டு. ஒருவர் உதவி கேட்பார், நீங்கள் போய் முடித்துக் கொடுத்தால் மொத்தமாகப் புள்ளி கிடைக்கும். அவற்றில் பெயர்பெற்றது 'வாட்டர்ஃபால் குவெஸ்ட்'. ஓர் அருவிக்குப் பின்னால் இருக்கும் குகைக்குள் நுழைய வேண்டும். நடுவில் ஒரு கல்லறை வரும். அதற்குள் ஆயுதம், கவசம் எதையும் கொண்டுபோக முடியாது. வழியில் ராட்சதர்கள் நிற்பார்கள். ஆனால் யாரையும் கொன்றாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பை நிறையச் சாப்பாட்டை அடைத்துக்கொண்டு, அடி வாங்கிக்கொண்டே ஓடிக் கடந்துவிட்டால் போதும். பரிசு, தாக்குதலில் 13,750 புள்ளி, வலிமையிலும் 13,750 புள்ளி. 30-ஆம் நிலைக்கு வேண்டியதே 13,363தான். நேற்று பிறந்த பாத்திரம், ஒரு பூச்சியைக்கூட அடிக்காமல், இரண்டு திறனிலும் ஒன்றிலிருந்து முப்பதுக்குத் தாவிவிடுகிறது.

ஆகவே எல்லா வழிகாட்டிகளும் சொல்வது: இதை முதலிலேயே செய். நான் கேட்டேன், "ஏன்டா முதல்ல? எப்பச் செஞ்சாலும் அதே 13,750 தானே? 98-ல செஞ்சாலும் 99-க்கு அந்தப் புள்ளி மிச்சம்தானே?"

அவன் சற்று யோசித்தான். "ஆமால்ல மாமா" என்றான். பிறகு நாங்கள் இருவரும் பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தோம். புள்ளிக் கணக்கில் எந்த வித்தியாசமும் இல்லை. முதலில் வாங்கினாலும் கடைசியில் வாங்கினாலும் மொத்தம் ஒன்றுதான். வித்தியாசம் வேறோர் இடத்தில் இருக்கிறது. தொடக்கத்தில் உங்கள் சண்டை வேகம் மணிக்கு 10,000 புள்ளி என்று வைப்போம். அந்த 13,750-ஐ நீங்களே சம்பாதிக்க வேண்டியிருந்தால் ஒரு மணி 22 நிமிடம் ஆகியிருக்கும். கடைசிக் கட்டத்தில் உங்கள் வேகம் மணிக்கு 50,000. அப்போது அதே 13,750 பதினாறரை நிமிட வேலை. முதலில் வாங்கிய பரிசு மெதுவான மணிநேரங்களை அழிக்கிறது, கடைசியில் வாங்கிய பரிசு வேகமான நிமிடங்களை அழிக்கிறது. பரிசு ஒன்றுதான், அது மிச்சப்படுத்தும் நேரம் ஐந்து மடங்கு வேறுபடுகிறது.

புள்ளியைக் கூட்டிக்கொண்டிருக்கும் வரை இது தெரியவே தெரியாது. நேரத்தைக் கூட்டத் தொடங்கியதும் பளிச்சென்று தெரிகிறது. தீவிரமாக ஆடுபவர்கள் இதை நெடுநாளாக அறிந்திருக்கிறார்கள். அவர்களுக்குள் 'இஎச்பி' என்று ஓர் அலகு புழங்குகிறது. ஒருவர் சேர்த்திருக்கும் புள்ளிகளையெல்லாம், அவற்றைச் சிறந்த வழியில் சேர்க்க எத்தனை மணி நேரமாகும் என்று மாற்றிச் சொல்வது. தமிழில் திறன்மணி என்று சொல்லலாமா? சமையலில் ஒரு கோடிப் புள்ளி, சுரங்கத்தில் ஒரு கோடிப் புள்ளி இரண்டும் புள்ளிக்கு ஒன்றுதான். திறன்மணியில் சமையல் சின்னது, சுரங்கம் பெரியது.

நேரம்தான் நாணயம் என்று ஆனபின், அடுத்த கேள்வி வரிசை. எதை முதலில், எதைப் பிறகு?

எப்போதும் இந்த நிமிடத்தில் எது அதிகம் தருகிறதோ அதையே செய்வது என்பது இயல்பாகத் தோன்றும் வழி. கணினி அறிவியலில் இதற்குப் பேராசை வழிமுறை என்று பெயர். பல இடங்களில் நன்றாக வேலை செய்யும், இங்கே தடுக்கி விழும். ஏனென்றால் சில வேலைகள் இப்போது அதிகம் தராது, ஆனால் பின்னால் வரும் எல்லா வேலைகளையும் வேகமாக்கும். உடல் சுறுசுறுப்பு என்ற திறனை எடுத்துக்கொள்ளுங்கள். கூரைகளின்மேல் தாவி ஓடிப் பழக வேண்டும். சலிப்பான வேலை. ஆனால் அங்கே கிடைக்கும் அடையாளக் காசுகள் 260 சேர்த்தால் 'கிரேஸ்ஃபுல்' என்ற உடுப்பு முழுதாகக் கிடைக்கும். அதைப் போட்டுக்கொண்டால் சீக்கிரம் களைக்காமல் ஓடலாம். அதன்பின் செய்யும் ஒவ்வொரு கதைப்பணியிலும் நடை குறைகிறது.

அம்மியில் அரைத்த வீடுகளில் ஆண்டுக்கு ஒரு முறை அம்மி கொத்த ஆள் வருவார். அன்றைக்கு அரை நாள் அரைப்பு கெடும். பிறகு ஆண்டு முழுக்க மிளகாய் சீக்கிரம் அரைபடும். கொத்தும் வேலை பயனுள்ளதா என்பது, இனி எவ்வளவு அரைக்கப் போகிறோம் என்பதைப் பொறுத்தது. நாளைக்கே வீடு மாறுகிறவர் கொத்திப் பயனில்லை. உடுப்புக்கும் அதே கணக்கு. நூறு கதைப்பணி பாக்கி இருப்பவருக்கு முதல் வாரத்திலேயே லாபம், நான்கு பாக்கி இருப்பவருக்கு வீண்.

இன்னொரு வகை வேலையும் உண்டு. பழமரக் கன்றை நட்டால் அது வளர 16 மணி நேரம் ஆகும். ஆனால் நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை, போனை அணைத்துவிட்டுத் தூங்கலாம். இட்லி மாவு மாதிரி. ஆட்டி வைப்பதற்கு ஆகும் நேரம்தான் நம்முடையது, புளிப்பதற்கு ஆகும் நேரம் மாவினுடையது. சமையல் தெரிந்தவர் காலையில் எழுந்து மாவாட்ட மாட்டார், இரவே ஆட்டி வைப்பார். அதேபோல் நல்ல திட்டத்தில் கன்று நடுவது எப்போதும் படுக்கப் போகும் முன்புதான். சண்டையிலும் இப்படி ஓர் இலவசம் கிடைக்கிறது. எதிரிக்கு ஏற்படுத்தும் ஒவ்வொரு சேதப் புள்ளிக்கும் வாள் திறனுக்கு 4 புள்ளி, கூடவே உயிர்வலு என்ற திறனுக்கு 1.33. மற்ற மூன்று சண்டைத் திறன்களை உயர்த்துவதற்குள் உயிர்வலு தானாக ஏறிவிடும். அதற்கென்று ஒரு நிமிடமும் ஒதுக்கத் தேவையில்லை.

சரி, எல்லாம் தெரிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வேலைக்கும் நேரம் தெரியும், பரிசு தெரியும், எது முடிந்தால் எது திறக்கும் என்று தெரியும். மிகச் சிறந்த வரிசையைக் கண்டுபிடித்துவிடலாமா?

பத்துக் கதைப்பணிகளை எத்தனை வரிசைகளில் செய்யலாம்? முதலிடத்துக்குப் பத்து வாய்ப்பு, இரண்டாவதுக்கு ஒன்பது, மூன்றாவதுக்கு எட்டு என்று பெருக்கினால் 36,28,800. விநாடிக்கு ஒரு வரிசை சரிபார்த்தால் மிகச் சரியாக ஆறு வாரம் ஆகும். இருபது பணிகள் என்றால்? விநாடிக்கு நூறு கோடி வரிசைகளைச் சரிபார்க்கும் கணினி 77 ஆண்டுகள் ஓட வேண்டும். விளையாட்டில் இருப்பதோ 150-க்கும் மேற்பட்ட பணிகள். இதை முடித்தால்தான் அது என்ற முன்தேவைகள் பல வரிசைகளை அடித்துவிடும், உண்மைதான். இருந்தாலும் மிச்சம் மலையளவு.

இந்த மலையைக் குடைந்தவர் ரிச்சர்ட் பெல்மன். அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனத்தில் 1950-களில் வேலை செய்த கணித அறிஞர். அவர் உருவாக்கிய முறையை இயங்குமுறைத் திட்டமிடல் என்கிறோம். அதன் உயிர்நாடியை ஒரு சமையலறையில் காட்டிவிடலாம். கல்யாண வீட்டில் ஒருவர் பாதி சமைத்துவிட்டுக் கரண்டியை உங்களிடம் கொடுத்துப் போகிறார். நீங்கள் என்ன கேட்பீர்கள்? எதெல்லாம் முடிந்தது, அடுப்பில் இப்போது என்ன இருக்கிறது. அவ்வளவுதான். கேரட்டை முதலில் நறுக்கினாரா, பீன்ஸை முதலில் நறுக்கினாரா என்று கேட்க மாட்டீர்கள். மிச்சச் சமையலைத் திட்டமிட அது தேவையே இல்லை.

கதைப்பணிகளும் அப்படித்தான். முடித்தவை எவை, இப்போது நிற்கும் இடம் எது. இந்த இரண்டும் ஒன்றாக இருக்கும் கோடிக்கணக்கான வரிசைகளில், குறைந்த நேரத்தில் இங்கு வந்து சேர்ந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும். மற்றவற்றை மறந்துவிடலாம். அவை இனிமேல் முந்த வழியில்லை. ஊர் ஊராகப் போகும் வணிகருக்கு மிகக் குறுகிய சுற்றுவழி எது என்ற புகழ்பெற்ற கணக்குக்கு இந்த எண்ணத்தை 1962-இல் பெல்மனும், தனியாக மைக்கேல் ஹெல்டும் ரிச்சர்ட் கார்ப்பும் பொருத்திக் காட்டினார்கள். இருபது இடங்களுக்கு இந்த முறையில் ஆகும் படிகள் சுமார் 42 கோடி. 77 ஆண்டு வேலையை அதே கணினி அரை விநாடிக்குள் முடித்துவிடும்.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. எதை மறக்கலாம் என்று கண்டுபிடித்ததாலேயே 77 ஆண்டுகள் காணாமல் போயிருக்கின்றன!

ஆனால் இதற்கும் எல்லை உண்டு. இந்த முறையில் பணி ஒன்று கூடினால் வேலை இரட்டிக்கிறது. மறுபடியும் அதே இரட்டிப்பு. நாற்பது பணிகளுக்கு அந்தக் கணினிக்கு இருபது நாள். அறுபதுக்கு ஒரு லட்சத்து முப்பதாயிரம் ஆண்டு. இடையிடையே மரம் வெட்டுவதையும் மீன் பிடிப்பதையும் சேர்த்தால், இருபது திறன்கள் மட்டுமே என்று வைத்துக்கொண்டாலும், ஒவ்வொன்றும் 99 நிலைகளில் ஏதோ ஒன்றில் இருக்கலாம் என்பதால், சாத்தியமான நிலைமைகள் 40 இலக்க எண்ணாகிவிடும்.

இதைவிட அடிப்படையாகவே நல்ல வழி இருக்கிறதா? வணிகரின் சுற்றுவழி போன்ற கணக்குகளெல்லாம் ஒரே கடினக் குடும்பத்தைச் சேர்ந்தவை, ஒன்றுக்கு விரைவான வழி கிடைத்தால் எல்லாவற்றுக்கும் கிடைத்துவிடும் என்று 1972-இல் அதே கார்ப் காட்டினார். இன்றுவரை யாருக்கும் அப்படி ஒரு வழி கிடைக்கவில்லை, கிடைக்கவே கிடைக்காது என்று யாரும் நிரூபிக்கவும் இல்லை. இத்தாலியரான ஜியோவானி விக்லியெட்டா 2012-இல் விளையாட்டுகளையே நேரடியாக ஆராய்ந்தார். சில இடங்களைக் கட்டாயம் போய்த் தொட வேண்டும், சில பாதைகளை ஒரு முறைதான் கடக்கலாம் என்ற இரண்டு விதிகள் இருந்தாலே அந்த விளையாட்டு குறைந்தது இந்தக் குடும்பத்தின் அளவுக்குக் கடினமாகிவிடும் என்று காட்டினார். பொழுதுபோக்கு என்று நாம் நினைப்பதற்குள் எவ்வளவு ஆழம் இருக்கிறது!

ஆகவே நடைமுறையில் எல்லோரும் செய்வது திருத்தல். ஓரளவு நல்ல பட்டியல் ஒன்றை எடுத்துக்கொள்வது. இரண்டு பணிகளை இடம் மாற்றிப் பார்ப்பது. மொத்த நேரம் குறைந்தால் வைத்துக்கொள்வது, கூடினால் பழையபடியே விடுவது. எந்த மாற்றமும் குறைக்கவில்லை என்றால் நிறுத்துவது. இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. மூடுபனியில் மலையேறுபவர் எப்போதும் மேல்நோக்கியே கால் வைத்தால் ஏதோ ஓர் உச்சிக்குப் போய்ச் சேருவார். அது பக்கத்துக் குட்டிக் குன்றின் உச்சியாகவும் இருக்கலாம். ரூன்ஸ்கேப் விக்கியில் 'மிகச் சிறந்த கதைப்பணி வரிசை' என்று ஒரு வழிகாட்டி இருக்கிறது. பலர் கூடி இழைத்து இழைத்துச் சரிசெய்தது. மிக நல்ல வரிசை. எல்லாவற்றிலும் சிறந்தது இதுதான் என்ற கணித நிரூபணம் அதற்குக் கிடையாது.

இவ்வளவும், குறைக்க வேண்டியது நேரம் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. எதைக் குறைக்க வேண்டும் என்பதைக் கணிதம் சொல்லாது, ஆடுபவர்தான் சொல்ல வேண்டும். நாம் குறைக்கவோ கூட்டவோ நினைக்கும் அந்த ஒன்றை இலக்குச் சார்பு என்பார்கள். அதை மாற்றினால் மொத்தத் திட்டமும் தலைகீழாகும். 2004 நவம்பரில் வந்த 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' இதை விளையாட்டுக்குள்ளேயே வைத்தது. அங்கே பாத்திரத்தைச் சத்திரத்தில் தங்கவைத்துவிட்டு நீங்கள் வெளியே போய்விட்டால், எட்டு மணி நேரத்துக்கு ஒரு நிலையில் 5 சதவீதம் என்று ஓய்வுக் கையிருப்பு சேரும். அதிகபட்சம் ஒன்றரை நிலை வரை. அந்தக் கையிருப்பு தீரும்வரை எதிரிகளைக் கொன்று கிடைக்கும் புள்ளி இரட்டிப்பு. நாளெல்லாம் உட்கார்ந்திருப்பவருக்கும் இரவு ஒரு மணி நேரம் மட்டும் கிடைப்பவருக்கும் சிறந்த வழி அங்கே ஒன்றாக இருக்க முடியாது.

அக்கா மகன் 92-இலிருந்து 99-க்குத் திட்டம் போட்டபோது இதைத்தான் பேசினோம். பாக்கி 65,17,178 புள்ளி. டீக் மரம் கட்டைக்கு 85 புள்ளி, ஆனால் சட்சட்டென்று விழும். தேர்ந்த கைக்கு ரெட்வுட்டைவிட அதுதான் வேகம். ரெட்வுட் 380 புள்ளி, நிதானமாக விழும். டீக் என்றால் 76,673 கட்டை. ரெட்வுட் என்றால் 17,151 கட்டை, பைக்கு 28 வீதம் 613 நடை.

"டீக்குதான் சீக்கிரம் முடியும் மாமா. ஆனா அதுல கண்ணையும் கையையும் எடுக்க முடியாது. தட்டிக்கிட்டே இருக்கணும்."

"ரெட்வுட்?"

"ஒரு தடவை தொட்டுட்டா பை நிறையுற வரைக்கும் பெருசா வேலை இல்ல. மணி கூடத்தான் ஆகும். ஆனா அந்த மணி எனக்கு வேற வேலைக்கு ஆகும்ல."

சொம்பில் போனைச் சாய்த்து வைத்தான். குட்டி மனிதன் பெரிய சிவப்பு மரத்தில் கோடரியை ஓங்கினான். அக்கா மகன் வெப்ப இயக்கவியல் நோட்டைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு, போன பருவத்தில் விட்ட கணக்கை முதல் வரியிலிருந்து போட ஆரம்பித்தான். பக்கம் திருப்பும்போது மட்டும் ஒரு முறை திரையைப் பார்த்தான். பையில் ஒன்பது கட்டை.